விதை யாருடையது?

ஊறவைத்த மொச்சைக்கொட்டையின் தோலை உரித்து இரண்டாகப் பிளந்தால், இரு பருப்புகளுக்கும் நடுவே ஓர் ஓரத்தில் வெள்ளைக் குருத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் ஒரு முனை வேராகும், மறுமுனை தண்டாகும். விதைக்குள் இருப்பது ஏற்கெனவே உருவாகிவிட்ட ஒரு குழந்தைச் செடி. முளைத்து இலைவிடும்வரை அதற்கு வேண்டிய உணவும் உடனிருக்கிறது. அந்தக் குழந்தைச் செடிக்குத் தாய்ப்பங்கு உண்டு, தந்தைப்பங்கும் உண்டு. சூலுக்குள் காத்திருந்த முட்டை தாயின் பங்கு. மகரந்தம் சுமந்துவந்த ஆண் இனச்செல் தந்தையின் பங்கு. இரண்டும் கூடிய பிறகே விதை உண்டாகிறது.

இதற்கு நேர்மாறான ஓர் உவமையை மனித சமூகங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்துவந்திருக்கின்றன. ஆண் விதை, பெண் நிலம் என்பது அந்த உவமை. உயிரைத் தருபவன் அவன், தாங்கி வளர்ப்பவள் அவள் என்பது அதன் பொருள். இந்த உவமை பெண்ணுக்கு அநீதி இழைத்தது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட அடிப்படையான குறை ஒன்று அதில் இருக்கிறது. விதையைப் பற்றியே அது தவறாகச் சொல்கிறது. ஆணிடமிருந்து வருவது மகரந்தத்துக்கு நிகரானது. விதைக்கு நிகராகச் சொல்லத்தக்கது, இருவரும் சேர்ந்து உண்டாக்கிய கரு.

தாவரம், விலங்கு, மனிதர் என மூன்றின் இனப்பெருக்கத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்தபோதுதான் இந்தப் பிழை வெளிப்பட்டது. திருத்தி முடிக்க அறிவியலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. ஆய்வகத்தில் முடிந்த அந்தத் திருத்தம் நம் வீட்டிலும் சட்டத்திலும் மருத்துவமனையிலும் இன்னும் முடியவில்லை.

விதைத்தவனும் நிலத்துக்காரனும்

கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில் ஒரு வழக்கு விசாரணை வருகிறது. தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸுக்காக அப்போலோ கடவுளே வாதாடுகிறார். தாய் என்பவள் பெற்றவளே அல்ல, விதைக்கப்பட்டதைப் பேணும் செவிலி மட்டுமே என்பது அவருடைய வாதம். ஒரெஸ்டிஸ் விடுதலை பெறுகிறான். அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதே எண்ணத்தைத் தத்துவமாக்கினார். பெண் தருவது வெறும் பொருள், அதற்கு வடிவமும் இயக்கமும் தருவது ஆண் என்றார் அவர்.

மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை வயல் என்றும் ஆணை விதை என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. அங்கே எழுப்பப்படும் கேள்வியைக் கவனிக்க வேண்டும். ஒருவன் மனைவிக்கு இன்னொருவனால் குழந்தை பிறந்தால் அது யாருக்குச் சொந்தம், விதைத்தவனுக்கா, நிலத்துக்காரனுக்கா என்பது கேள்வி. இரண்டு பக்கமும் வாதங்கள் அடுக்கப்படுகின்றன. வழக்காடும் இருவரும் ஆண்கள். சுமந்து பெற்றவள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. உடைமையைத் தீர்மானிக்கப் பிறந்த உவமை இது என்பதை இந்த இடம் தெளிவாகக் காட்டுகிறது.

பழங்காலத்தவர் எல்லோரும் இப்படி நினைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. சுச்ருத சம்ஹிதை, குழந்தையின் எலும்பு, நகம், மயிர் போன்ற கெட்டியான பாகங்கள் தந்தையிடமிருந்தும், தசை, இரத்தம், இதயம் போன்ற மென்மையானவை தாயிடமிருந்தும் வருவதாகப் பகுத்தது. கிரேக்க மருத்துவத்தில் ஹிப்போகிரட்டீஸ் மரபினரும், பிறகு கேலனும், பெண்ணிடமும் உயிர்ச்சத்து ஒன்று உண்டு என்றார்கள். உடலைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்கள் இருவர் பங்கையும் ஏற்றிருக்கிறார்கள். குடும்பத்தையும் சொத்தையும் வரையறுத்தவர்களுக்கு ஒருவர் பங்கே போதுமானதாக இருந்தது.

ஆமணக்கில் ஒரு சோதனை

மரங்களில் ஆண், பெண் உண்டு என்பதை முதலில் அறிந்தவர்கள் அவற்றோடு வாழ்ந்தவர்கள். மெசபொடேமியாவின் பேரீச்சை விவசாயிகள் ஆண் மரத்தின் பூந்துகளைப் பெண் மரத்தின் பாளையில் தூவி மகசூல் எடுத்தார்கள். நம் பனையேறிகளுக்கு அலகுப் பனை ஆண், பருவப் பனை பெண். திருஞானசம்பந்தர் பதிகம் பாடியதும் ஆண் பனைகள் குலை ஈன்றன என்ற செய்யாறு திருவோத்தூர்த் தலவரலாறு பெரியபுராணத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஆண் பனை காய்க்காது என்பதை ஊரே அறிந்திருந்தால்தான் அது அற்புதமாகும்.

எல்லாப் பூக்கும் செடிகளுக்கும் இது பொருந்துமா என்பதை ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் ருடால்ஃப் கமெராரியஸ் சோதித்துப் பார்த்தார். 1694இல் அதை ஒரு கடிதமாக வெளியிட்டார். ஆமணக்கின் பூங்கொத்தில் பெண் பூக்கள் மேலேயும் ஆண் பூக்கள் கீழேயும் இருக்கும். ஆண் பூக்கள் விரியும் முன்பே அவற்றைக் கிள்ளிவிட்டார். காய்கள் உண்டாயின, ஆனால் உள்ளே முழுமையான விதை இல்லை. மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பட்டிழைகளை வெட்டிவிட்டார். கதிர் மணி பிடிக்கவில்லை. ஒவ்வோர் இழையும் மகரந்தம் ஒரு மணிக்குச் சென்றுசேரும் வழி என்பதை இன்று அறிவோம். பக்கத்தில் ஆண் மரம் இல்லாத பெண் முசுக்கட்டை மரம் பழுத்தது, விதைகளோ பொக்கையாக இருந்தன. மகரந்தம் இல்லாமல் விதை இல்லை என்பது இப்படி நிறுவப்பட்டது.

இருவர் பங்கும் எவ்வளவு என்ற அடுத்த கேள்விக்கு ஜோசஃப் கோல்ரூட்டர் 1760களில் விடை தேடினார். இரண்டு வகைப் புகையிலையை எடுத்துக்கொண்டார். முதல் வகையின் மகரந்தத்தை இரண்டாவதன் சூல்முடியில் இட்டார். பிறகு மாற்றி, இரண்டாவதன் மகரந்தத்தை முதல் வகைக்கு இட்டார். ஆண் மட்டுமே வடிவம் தருகிறான் என்பது உண்மையானால் கலப்புச் செடிகள் ஒவ்வொரு முறையும் மகரந்தம் தந்த வகையையே ஒத்திருக்க வேண்டும். கிடைத்த செடிகள் இரண்டு வகைக்கும் இடைப்பட்ட தோற்றத்தில் இருந்தன. எது தாய், எது தந்தை என்று மாற்றிய பிறகும் அவை ஒன்றுபோலவே இருந்தன. அரிஸ்டாட்டிலின் தத்துவத்துக்குப் புகையிலைப் பாத்தி தந்த மறுப்பு அது. நுண்ணோக்கியில் கருவுறுதலை யாரும் காண்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இருவர் பங்கும் சமம் என்பதற்கான சான்று ஒரு தோட்டத்தில் கிடைத்துவிட்டது.

முட்டைக் கட்சியும் விந்தணுக் கட்சியும்

விலங்குகளில் இந்த ஆராய்ச்சி கடினமாக இருந்தது. எல்லாம் உடலுக்குள் நடந்தது. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி, முதலாம் சார்லஸ் மன்னரின் வேட்டைக்காட்டு மான்களை இனச்சேர்க்கைக்குப் பின் அறுத்துப் பார்த்தார். கருப்பையில் விந்துவும் தென்படவில்லை, முட்டையும் தென்படவில்லை. ஆயினும் 1651இல் வெளியிட்ட நூலில் எல்லா விலங்குகளும் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்று முடிவு கூறினார். 1672இல் நெதர்லாந்தின் ரெய்னியர் டி கிராஃப் முயல்களை ஆராய்ந்து, சூலகத்தில் உள்ள கொப்புளங்களே முட்டைக்கு இருப்பிடம் என்று காட்டினார். அவை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

ஐந்தே ஆண்டுகளில் எதிர்த்தரப்புக்கு ஆதாரம் வந்தது. டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆண்டனி வான் லேவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த வில்லைகளால் 1677இல் விந்துநீரைப் பார்த்து, அதில் வாலுடன் நீந்தும் எண்ணற்ற நுண்ணுயிர்களைக் கண்டார். குழந்தை அந்த நுண்ணுயிரிலேயே இருக்கிறது, தாயின் வேலை அதற்கு உணவூட்டுவது மட்டுமே என்று அவர் நம்பினார். 1694இல் நிக்கலாஸ் ஹார்ட்சூக்கர் விந்தணுவின் தலைக்குள் குந்தியிருக்கும் சிறு மனிதனின் படத்தையே வரைந்து வெளியிட்டார். அவர் அதை நேரில் கண்டதாகச் சொல்லவில்லை, இப்படித்தான் இருக்கக்கூடும் என்றார். விதை உவமை நுண்ணோக்கிக்குள்ளும் நுழைந்துவிட்டது. முட்டைக் கட்சியினரும் இதே பிழையைத் திருப்பிச் செய்தார்கள். முழுக் குழந்தையும் முட்டையில் உள்ளது, விந்து அதைத் தூண்டிவிடுகிறது என்றார்கள் அவர்கள். குழந்தை யாராவது ஒருவரிடமே முழுமையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து இரு கட்சிகளுமே வெளிவரவில்லை.

இத்தாலியின் லாசரோ ஸ்பலன்சானி ஆண் தவளைகளுக்குத் துணியால் இறுக்கமான கால்சட்டை தைத்துப் போட்டார். பெண் தவளை இட்ட முட்டைகள் வளரவில்லை. கால்சட்டையில் தங்கிய நீரை எடுத்து முட்டைகள்மேல் தடவியதும் அவை தலைப்பிரட்டைகளாயின. 1780 வாக்கில் ஒரு பெண் நாய்க்குச் செயற்கை முறையில் விந்து செலுத்தினார். 62 நாள் கழித்து அது மூன்று குட்டிகளை ஈன்றது. விந்துநீரை வடிதாளில் வடித்தபோது வடிந்த நீருக்குக் கருவூட்டும் ஆற்றல் இல்லை, தாளில் தங்கியதற்கு இருந்தது. இத்தனையும் செய்தவர், விந்தணுக்களுக்கு இதில் பங்கில்லை என்றே கடைசிவரை கருதினார். அவர் முட்டைக் கட்சியைச் சேர்ந்தவர். தம் கையால் எடுத்த சான்றையும் முன்முடிவு மறைத்துவிடும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1824இல் ஜெனீவாவில் பிரெவோவும் டூமாவும் அதே வடிகட்டும் சோதனையை ஒழுங்காகச் செய்து, விந்தணு இன்றியமையாதது என்று நிறுவினார்கள். 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் ஒரு நாயின் சூலகத்தில் மஞ்சள் புள்ளியாகத் தெரிந்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பாலூட்டியின் முட்டையை முதன்முதலில் கண்டவர் அவர். லேவன்ஹூக் விந்தணுவைக் கண்டு நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாவரவியலிலும் அதே வழக்கு

செடிகளின் ஆராய்ச்சி நேர்வழியில் போயிருக்கும் என்று எண்ணத் தோன்றும். அங்கும் பழைய உவமை திரும்பி வந்தது. 1824இல் இத்தாலியின் ஜொவானி பத்தீஸ்தா அமீச்சி, நம் ஊரில் பருப்புக்கீரை எனப்படும் செடியின் சூல்முடியில் விழுந்த மகரந்தத்தூளிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வளர்வதைக் கண்டார். அந்தக் குழாய் சூல்வரை இறங்கிச் செல்வதை 1830இல் உறுதிசெய்தார்.

எல்லாத் தாவரங்களும் செல்களால் ஆனவை என்று 1838இல் அறிவித்துப் புகழ்பெற்ற மத்தியாஸ் ஷ்லைடன் இதற்கு வேறு விளக்கம் தந்தார். மகரந்தக் குழாயின் நுனியே சூலுக்குள் நுழைந்து கருவாக மாறுகிறது, சூல் அதற்கு இடமும் உணவும் மட்டும் தருகிறது என்றார். மகரந்தம் விதை, சூல் நிலம் என்ற கொள்கைதான் இது. அக்காலத்தின் மிகப்பெரிய தாவரவியலாளரின் வாயிலிருந்து வந்ததால் பலர் நம்பினார்கள். அமீச்சி மறுபடியும் நுண்ணோக்கியில் அமர்ந்தார். ஆர்க்கிட் மலர்களில், மகரந்தக் குழாய் வந்து சேரும் முன்பே சூலுக்குள் ஒரு செல் காத்திருப்பதையும், குழாய் வந்தபின் அந்தச் செல்லே கருவாக வளர்வதையும் 1846இல் காட்டினார். லைப்சிக் நகரில் இசைநூல் பதிப்புத் தொழில் செய்தவரும், தாவரவியலைத் தாமே கற்றவருமான வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1849இல் பல வகைத் தாவரங்களில் இதை உறுதிப்படுத்தி வழக்கை முடித்துவைத்தார்.

இரண்டும் இரண்டும் நான்கு

முட்டையும் வேண்டும், விந்தணுவும் வேண்டும். இரண்டும் சந்திக்கும்போது என்ன நடக்கிறது? 1875இல் மத்தியதரைக் கடற்கரையில் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டைகளை எடுத்துப் பார்த்தார். அவை கண்ணாடிபோலத் தெளிவானவை. விந்தணு நுழைந்த முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் ஒன்றையொன்று நெருங்கி இணைவதை அவர் கண்டார். ஒன்று முட்டையுடையது, மற்றது விந்தணுவிலிருந்து வந்தது.

பெல்ஜியத்தின் எட்வார்ட் வான் பெனேடன் 1883இல் குதிரைக் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டைகளை ஆராய்ந்தார். அந்தப் புழுவில் எண்ணுவதற்கு எளிதாக மிகச் சில குரோமோசோம்களே உண்டு. முட்டையிலிருந்து இரண்டு, விந்தணுவிலிருந்து இரண்டு, கருவுற்ற முட்டையில் நான்கு என்று அவர் எண்ணிக் காட்டினார். தாயும் தந்தையும் ஆளுக்குச் சரிபாதி தருகிறார்கள் என்பதற்கு நேரடிக் கணக்கு கிடைத்துவிட்டது. மனிதருக்கு அது 23ம் 23ம் சேர்ந்த 46. நெல்லுக்கு 12ம் 12ம் சேர்ந்த 24. தென்னைக்கு 16ம் 16ம் சேர்ந்த 32. இனச்செல் உருவாகும்போது பாதியாகக் குறைவதும், கூடும்போது முழுமையாவதும் பூவுக்கும் புழுவுக்கும் மனிதருக்கும் பொதுவான விதி.

இளநீருக்குள் இருக்கும் பங்கு

பூக்கும் தாவரங்களில் இன்னொரு அதிசயம் காத்திருந்தது. 1898இல் கீவ் நகரில் செர்கே நவாஷின் லில்லிக் குடும்ப மலர்களை ஆராய்ந்தபோது, ஒரு மகரந்தக் குழாய் இரண்டு ஆண் இனச்செல்களைக் கொண்டுவருவதையும் இரண்டுமே பயன்படுவதையும் கண்டார். ஒன்று முட்டையுடன் கூடிக் கருவாகிறது. மற்றது சூலின் நடுவே உள்ள, தாயின் இரண்டு உட்கருக்களுடன் கூடுகிறது. இந்த இரண்டாவது கூட்டிலிருந்து வளர்வது கருவூண் திசு, அதாவது கருவுக்கான உணவு. பாரிஸில் லியோன் கிஞ்ஞார் அடுத்த ஆண்டே இதை உறுதிசெய்தார். இரட்டைக் கருவுறுதல் என்று இதற்குப் பெயர்.

நம் தட்டில் இருப்பதில் பெரும்பகுதி இந்தத் திசுதான். தீட்டிய அரிசி நெல்லின் கருவூண். தீட்டும்போது கரு தவிட்டோடு போய்விடுகிறது. இளநீர் என்பது செல்சுவர் எழும்பாத நிலையில் உட்கருக்கள் மிதக்கும் கருவூண் திரவம். தேங்காய்ப் பருப்பு அதே திசு கெட்டியானது. நுங்கும் அதுவே. கரு எங்கே என்றால், தேங்காயின் மூன்று கண்களில் மென்மையானதற்கு அடியில் சிறு முளையாகக் கிடக்கிறது. முளைத்த தேங்காயை உடைத்தால் கிடைக்கும் தேங்காய்ப் பூ, அந்தக் கரு உணவை உறிஞ்சுவதற்காக வளர்த்த உறுப்பு.

இந்தக் கருவூணில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. தென்னையின் கருவில் 32 குரோமோசோம்கள், அதைச் சூழ்ந்த பருப்பில் 48. குழந்தையில் சமபங்கு, குழந்தைக்கான உணவில் தாய்க்கு இருமடங்குப் பங்கு.

தாவரக் கருவியலில் இந்தியாவுக்கு உயர்ந்த இடமுண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பஞ்சானன் மகேஸ்வரி 1950இல் எழுதிய பூக்கும் தாவரக் கருவியல் நூல் உலகெங்கும் பாடமானது. அவருடைய குழுவினர் 1962இல் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக்குழாயில் வைத்து, மகரந்தம் இட்டுக் கருவுறச்செய்து, விதையாக்கினார்கள். மனிதரில் உடலுக்கு வெளியே கருவூட்டிய முதல் குழந்தை இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்தது 1978 ஜூலை 25இல். அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் இத்தகைய பிறப்புக்குக் காரணமான குழுவைச் சேர்ந்த டி.சி. ஆனந்தகுமாரே, முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதன்மை அவருக்கே உரியது என்று 1997இல் எடுத்துச்சொன்னார்.

சமபங்குக்கு மேலும் ஒரு பங்கு

மனித முட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். உடலின் மிகப்பெரிய செல்களில் அது ஒன்று. பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சூலகத்தில் முட்டைக்கான செல்கள் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் அறுபது எழுபது இலட்சம், பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம், பூப்பெய்தும்போது மூன்று நான்கு இலட்சம் என அவை குறைந்துகொண்டே வருகின்றன. வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை நானூறு அளவில்தான். நாம் ஒவ்வொருவரும் எந்த முட்டையிலிருந்து தோன்றினோமோ அதன் முதல் வடிவம், நம் தாய் அவருடைய தாயின் வயிற்றில் இருந்தபோதே உண்டாகிவிட்டது. விந்தணு அப்படியல்ல. பருவமடைந்த நாளிலிருந்து இடைவிடாமல் உற்பத்தியாகிறது, ஒன்று முழுமையடைய இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது.

உட்கருவில் இருவரும் சமம். அதற்கு வெளியே முட்டையின் கொடை பெரிது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அதற்குள் இருக்கும் 37 மரபணுக்களும் தாய்வழியாகவே வருகின்றன. கருவுற்ற முதல் இரண்டு மூன்று நாட்கள் கருவின் வளர்ச்சியை நடத்துவது பெரும்பாலும் முட்டையில் தாய் சேர்த்துவைத்த கட்டளைகள். நான்கு செல், எட்டு செல் என்று பிரியும் கட்டத்தில்தான் குழந்தையின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் வேலைசெய்யத் தொடங்குகின்றன. தந்தையின் விந்தணுவும் மரபணுக்களை மட்டும் கொண்டுவருவதில்லை. முட்டையைத் தட்டியெழுப்பும் புரதமும், முதல் செல்பிரிவை ஒழுங்குசெய்யும் நுண்ணுறுப்பும் மனிதரில் விந்தணு வழியாகவே வருகின்றன.

ஒருவரை ஒருவர் ஈடுசெய்ய முடியுமா என்பதை 1984இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்டர் இருவரும் எலிகளில் சோதித்தார்கள். கருவுற்ற முட்டையில் தாயின் உட்கருக்கள் இரண்டை வைத்தால் நஞ்சுக்கொடி சரியாக வளரவில்லை. தந்தையின் உட்கருக்கள் இரண்டை வைத்தால் கரு சரியாக வளரவில்லை. இரண்டு விதத்திலும் குட்டி பிறக்கவில்லை. சில மரபணுக்கள் தாயிடமிருந்து வந்தால் மட்டும் இயங்கும், சில தந்தையிடமிருந்து வந்தால் மட்டும் இயங்கும். பாலூட்டிகளுக்கு இருவரும் வேண்டும் என்பது மரபணுக்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

விதிவிலக்குகள் சொல்வது

எல்லா உயிரினங்களுக்கும் தந்தை வேண்டும் என்பதில்லை. 1740இல் ஜெனீவாவின் சார்ல்ஸ் போனே, பிறந்த கணத்திலிருந்தே தனியாக அடைத்துவைத்த ஓர் அசுவினிப்பூச்சி 95 குஞ்சுகளை ஈன்றதைக் கண்டார். கருவுறாத முட்டையிலிருந்தே ஆண் தேனீ பிறக்கிறது என்று சிலேசியாவின் பாதிரியார் யான் ஜியர்சோன் 1845இல் கண்டு சொன்னார். ஆண் தேனீக்குத் தந்தை இல்லை, தாய்வழித் தாத்தா உண்டு. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிச் சாலையில் கொமோடோ உடும்பு ஆண் துணையின்றியே வளரும் முட்டைகளை இட்டது 2006இல் வெளியானது.

தந்தையின் மரபணுக்களை மட்டுமே கொண்டு வளரும் உயிர் உண்டா? மிக அரிதாக உண்டு. அல்ஜீரியாவில், சகாராவின் தஸ்ஸீலி பீடபூமியில், சுமார் 230 மரங்களே எஞ்சியுள்ள ஒரு சைப்ரஸ் இனம் வாழ்கிறது. அதன் மகரந்தம் குரோமோசோம்களைப் பாதியாக்காமல் முழுமையாகவே சுமக்கிறது. சூலுக்குள் சேர்ந்ததும் அந்த மகரந்தமே கருவாக வளர்கிறது. சூல் தருவது உணவும் இடமும் மட்டுமே. இன்னோர் இன சைப்ரஸ் மரத்தின் சூலிலும் இந்த மகரந்தம் தன் கருவை வளர்த்துக்கொள்வதை 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அப்போலோவின் வாதமும் ஷ்லைடனின் கொள்கையும் உண்மையாக இருக்கும் இடம், அழிவின் விளிம்பில் நிற்கும் இந்தப் பாலைவன மரம். மனிதருக்கு அந்த நீதி பொருந்தாது.

ஆணா பெண்ணா, யார் தீர்மானிப்பது

இனப்பெருக்கம் பற்றிய அறியாமை அதிகக் கொடுமை செய்த இடம் இது. பெண் குழந்தை பெற்றாள் என்பதற்காக மனைவியைத் தள்ளிவைத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1905இல் அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டுகளின் விந்தணுக்களை ஆராய்ந்து, அவற்றில் இரண்டு வகை இருப்பதையும், ஒருவகையில் சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதையும், அதுவே ஆணைத் தீர்மானிப்பதையும் கண்டுபிடித்தார். மனிதரிலும் தாயின் முட்டைகள் எல்லாம் எக்ஸ் குரோமோசோமையே கொண்டவை. தந்தையின் விந்தணு எக்ஸ் கொண்டுவந்தால் பெண், ஒய் கொண்டுவந்தால் ஆண். ஒய் குரோமோசோமில் இந்த வேலையைத் தொடங்கிவைக்கும் மரபணு 1990இல் லண்டனில் அடையாளம் காணப்பட்டது.

இயற்கையில் இதற்குப் பல வழிகள் உள்ளன. கோழியில் தீர்மானிப்பது தாயின் முட்டை. சென்னைக் கடற்கரையில் தை, மாசி மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளில் தீர்மானிப்பது மணலின் வெப்பம். ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் போகப்போகப் பெண் குஞ்சுகள் அதிகமாகும். புவி வெப்பமாதல் ஆமைகளின் ஆண்–பெண் சமநிலையைக் குலைக்கும் என்று ஆய்வாளர்கள் அஞ்சுவது இதனால்தான்.

மனிதரில் இது தந்தையின் விந்தணுவில் நேரும் தற்செயல். அவரைக் குற்றம் சொல்லவும் இடமில்லை, தாயைக் குற்றம் சொல்லத் துளியும் இடமில்லை. இந்த உண்மை தெரிந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகப்போகும் நிலையில்தான் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் வேண்டியிருந்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1994இல் வந்தது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் இருந்த பெண் குழந்தைகள் 943.

எஞ்சியிருக்கும் திருத்தம்

உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருகட்டத்தில் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை. இத்தகைய தம்பதியரில் கிட்டத்தட்ட பாதிப் பேரில் ஆணின் தரப்பிலும் காரணம் இருப்பதை மருத்துவம் அறியும். விந்துநீர்ப் பரிசோதனை எளியது, வலியில்லாதது, செலவு குறைந்தது. ஆனாலும் பல வீடுகளில் முதலில் மருத்துவமனை ஏறி இறங்குபவள் பெண். விரதம் இருப்பதும் அரசமரம் சுற்றுவதும் அவளே. கணவனைப் பரிசோதனைக்கு அழைத்துவரச் சில சமயம் ஆண்டுகள் ஆகின்றன. நிலத்தில்தான் குறை இருக்கும் என்ற பழைய உவமை இங்கே ஒரு பெண்ணின் வயதையும் வாய்ப்பையும் தின்றுவிடுகிறது.

சட்டத்திலும் அதன் தடம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்சநீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதும் அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் தாய் பாதுகாவலராகலாம் என்று விரித்துப் பொருள் சொன்னது. சட்டத்தின் சொற்களோ அப்படியே இருக்கின்றன. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையுடையது மட்டுமே. இருவர் எழுத்தையும் சேர்த்து எழுதும் வழக்கம் இப்போது பரவுவது நல்ல மாற்றம்.

பெற்றோர் என்ற உறவு இனச்செல்லால் மட்டும் அமைவதில்லை. தத்தெடுத்து வளர்ப்பவர்கள் முழுமையான பெற்றோர். உயிரியலைக் காட்டி அவர்களைக் குறைத்துப் பேசுவது இன்னொரு அநீதி. இங்கே கேட்பது ஒன்றுதான். தந்தைக்கு முதலுரிமை தருவதற்கோ தாய்மேல் முழுப்பழியைச் சுமத்துவதற்கோ இயற்கையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். இயற்கை அப்படிச் சாட்சி சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பின் தாவரவியல், விலங்கியல் நூல்கள் இரண்டுமே இனப்பெருக்கத்தில்தான் தொடங்குகின்றன. தனித்தனி நூல்களாக இருப்பதால் சூலும் சூலகமும், மகரந்தக் குழாயும் விந்தணுவும் ஒரே கதையின் பகுதிகள் என்பது மாணவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆசிரியர்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் இணைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு மொச்சைக்கொட்டையும் ஒரு தேங்காயும் போதும். குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் இருவரையும் ஒரே நாளில் பரிசோதிப்பதை விதியாக்கலாம். பாதுகாவலர் சட்டத்தின் சொற்களை நாடாளுமன்றம் திருத்தலாம். கோல்ரூட்டரின் புகையிலைப் பாத்தியும் வான் பெனேடனின் நான்கு குரோமோசோம்களும் காட்டிய சமபங்கு, இனி ஆய்வகத்துக்கு வெளியிலும் நடைமுறையாக வேண்டும்.